மாற்குவில் தொடங்குங்கள்: நற்செய்திகளை முதன்முதலாக வாசிக்கிறவர்களுக்கு

நாகர்கோவிலில் பஸ் ஏறி மார்த்தாண்டம் வரை ஜன்னலோரம் உட்கார்ந்து போனால், வழிநெடுக வேதவசனங்கள் கண்ணில் பட்டுக்கொண்டே வரும். வீட்டு மதிலில், ஆட்டோவின் பின்பக்கத்தில், பேக்கரி போர்டுக்கு மேலே என்று எங்கு பார்த்தாலும் வசனம். குமரி மாவட்டத்தில் ஏறக்குறைய பாதிப் பேர் கிறிஸ்தவர்கள். மீதிப் பேருக்கும் கன்வென்ஷன் பந்தலின் மைக் சத்தம், கிறிஸ்துமஸ் கேரல், மிஷன் பள்ளிக்கூடத்துக் காலை ஜெபம் என்று ஏதாவது ஒரு வழியில் இயேசுவின் சொற்கள் காதில் விழுந்திருக்கும். அப்படியிருந்தும், ஒரு நற்செய்தியை, அதாவது இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்ற நான்கு நூல்களில் ஒன்றை, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தொடர்ச்சியாக வாசித்தவர்கள் நம்மிடையே குறைவு. பரம்பரைக் கிறிஸ்தவ வீடுகளிலும் இதுதான் நிலை.

அப்படி ஒருமுறை வாசித்துப் பார்க்க நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் இந்துவாக இருக்கலாம், முஸ்லிமாக இருக்கலாம், சின்ன வயதிலேயே ஞானஸ்நானம் வாங்கிவிட்டு வேதத்தைத் திறக்காமலே வளர்ந்தவராக இருக்கலாம், எந்த நம்பிக்கையும் இல்லாதவராகவும் இருக்கலாம். வாசிப்பதற்கு எந்தச் சபையிலும் சேரவேண்டியதில்லை. யாரிடமும் அனுமதி கேட்கவேண்டியதில்லை.

தொடர்ச்சியாக வாசியுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மதில்களில் அதிகம் காணப்படுகிற வசனங்களில் ஒன்று மத்தேயு 11:28, அதாவது 11ஆம் அதிகாரம், 28ஆம் வசனம். ‘வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே! நீங்கள் எல்லாரும் என்னிடத்தில் வாருங்கள்’ என்று தொடங்கும். கடன், நோய், குடும்பச் சண்டை என்று எல்லா பாரத்தையும் நாம் அதில் ஏற்றிக்கொள்கிறோம். அது தவறில்லை. ஆனால் அந்த அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்தால், சிறைக்குள் கிடக்கிற யோவான் ஸ்நானகன் ‘வருகிறவர் நீர்தானா?’ என்று ஆள் அனுப்பிக் கேட்பதில் அது தொடங்குகிறது. அப்புறம், தம்முடைய அற்புதங்களைப் பார்த்தும் மனம் மாறாத ஊர்களை இயேசு பெயர் சொல்லிக் கடிந்துகொள்கிறார். அதற்கும் பிறகுதான் இந்த அழைப்பு வருகிறது. அடுத்த அதிகாரம் தொடங்கியதுமே, பசித்த சீடர்கள் ஓய்வுநாளில் கதிர் கொய்து தின்றதற்காக, யூத மதச் சட்டங்களைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்த பரிசேயர் சண்டைக்கு வருகிறார்கள். மதச் சட்டங்களை மூட்டையாகக் கட்டி ஏழைகளின் தலையில் ஏற்றிவைத்த ஒரு காலத்தில் சொல்லப்பட்ட சொல் அது என்று அப்போது தெரியவருகிறது. மதிலில் இவ்வளவுக்கும் இடமில்லை. புத்தகத்தில் இருக்கிறது.

புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பது

தமிழில் பரவலாகக் கிடைப்பவை இரண்டு. சி.எஸ்.ஐ., லுத்தரன், இரட்சணிய சேனை, பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலும் இருப்பது பழைய திருப்புதல். அதன் தமிழ் 19ஆம் நூற்றாண்டுத் தமிழ். கத்தோலிக்கக் கோயில்களில் இருப்பது 1995இல் வெளிவந்த திருவிவிலியம், பொது மொழிபெயர்ப்பு. இரண்டிலும் நற்செய்திகள் அதே நான்குதான். நற்செய்திகள் அடங்கிய, பைபிளின் இரண்டாம் பகுதியான புதிய ஏற்பாட்டில் அதே 27 நூல்கள்தான். கத்தோலிக்கப் பதிப்பில் கூடுதலாக இருக்கும் நூல்கள் பழைய ஏற்பாட்டுப் பகுதியைச் சேர்ந்தவை. ஆகவே, ‘எது சரியான பைபிள்?’ என்ற விவாதத்தில் இப்போதைக்கு இறங்கவேண்டாம்.

புதிதாக வாசிக்கிறவர்களுக்குத் திருவிவிலியத்தையே சொல்வேன். இன்றைய தமிழில் இருப்பதால் தடுக்காமல் ஓடும். பழைய திருப்புதலின் ஓசைக்கு ஒரு தனி அழகு உண்டு; வாய்விட்டு வாசிக்கவும் மனப்பாடம் செய்யவும் அதுபோல் வேறில்லை. அதை இரண்டாவது வாசிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். விளவங்கோடு பக்கத்தில் மலையாளம் சரளமாக வாசிக்கிறவர்கள் மலையாளப் பைபிளையே எடுத்துக்கொள்ளலாம். கண்பார்வை மங்கியவர்களுக்கும் எழுத்துக்கூட்டி வாசிக்கிறவர்களுக்கும், கைபேசியில் இலவசமாகக் கிடைக்கிற ஒலிப்பதிவுகள் நல்ல உதவி.

முடிந்தால் அச்சுப் புத்தகமாகவே வாங்குங்கள். புதிய ஏற்பாடு மட்டும் தனியாகக் கிடைக்கும், விலையும் குறைவு. எழுத்து பெரிதாக இருக்கிறதா என்று கடையிலேயே பிரித்துப் பாருங்கள். கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டும் ஒரு பென்சிலும் போதும். விளக்கவுரை நூல்கள் இப்போது வேண்டாம்.

முதல் வாசிப்பு: மாற்கு, ஒரே அமர்வில்

புதிய ஏற்பாட்டில் முதலில் வருவது மத்தேயு. திறந்தவுடன் ஆபிரகாமில் தொடங்கி ஒரு நீண்ட வம்ச வரலாறு வரும். பலர் அந்தப் பெயர்ப் பட்டியலிலேயே புத்தகத்தை மூடிவைத்துவிடுகிறார்கள். நீங்கள் அதைத் தாண்டி மாற்குவுக்குப் போங்கள். நான்கில் சிறியது அதுதான், 16 அதிகாரம். நான்கில் முதலில் எழுதப்பட்டதும் அதுவே என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். குழந்தைப் பருவக் கதை எதுவும் இல்லாமல் நேராக யோர்தான் ஆற்றங்கரையில் தொடங்கி வேகமாக நகரும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாதிரி இரண்டு மணி நேரம் ஒதுக்கி, முழுவதையும் ஒரே அமர்வில் வாசித்துவிடுங்கள். அடிக்கோடு போடவேண்டாம், புரியாத இடத்தில் நிற்கவேண்டாம். ஊர்ப்பெயர், ஆள்பெயர் எல்லாம் குழம்பினால் குழம்பட்டும். 8ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியில் கதை திரும்புவதை மட்டும் கவனியுங்கள். அதுவரை நோயாளிகளையும் பசித்தவர்களையும் நோக்கி ஓடிக்கொண்டிருந்தவர், அங்கிருந்து தம் சாவைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார். 14, 15ஆம் அதிகாரங்கள் கைது, விசாரணை, சிலுவை. 16ஆம் அதிகாரத்தில் 8ஆம் வசனத்துக்குப் பிறகு சில பதிப்புகளில் அடைப்புக்குறியோ அடிக்குறிப்போ இருக்கும். அதற்குப் பின்வரும் வசனங்கள் மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் இல்லை என்பதே காரணம். இதை யாரும் மறைக்கவில்லை, நீங்களும் பதறவேண்டாம்.

வாசித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, நண்பர் ஒருவருக்குக் கதை சொல்வதுபோல் நோட்டில் அரைப் பக்கம் எழுதுங்கள். எது நினைவில் நின்றது, எது எரிச்சலூட்டியது, இந்த மனிதரைப் பற்றி என்ன தோன்றுகிறது என்று உள்ளது உள்ளபடி எழுதுங்கள். பிடிக்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். நான்கு நற்செய்திகளும் முடிந்த பிறகு இந்தப் பக்கத்தைத் திரும்ப எடுத்துப் பார்ப்பது மிகவும் பயனுள்ளது.

இரண்டாவது வாசிப்பு: ஒரு நாளைக்கு ஒரு சம்பவம்

இனி மெதுவாகப் போகவேண்டும். அதிகாரக் கணக்கு வைக்காதீர்கள். அதிகாரப் பிரிவுகள் 13ஆம் நூற்றாண்டிலும், வசன எண்கள் 16ஆம் நூற்றாண்டிலும் சேர்க்கப்பட்டவை. எழுதினவர் போட்டவை அல்ல. ஒரு நாளைக்கு ஒரு சம்பவம், அல்லது ஓர் உவமை போதும். பத்து வசனம் இருக்கும்.

நேரம் அவரவர் பிழைப்பைப் பொறுத்தது. அதிகாலையில்தான் வாசிக்கவேண்டும் என்று சொன்னால், குலசேகரம், அருமனை பக்கத்தில் விடியுமுன் ரப்பர் வெட்டப் போகிறவர் என்ன செய்வார்? அவர் பாலெடுத்துக் கொடுத்துவிட்டு வந்து வாசிக்கட்டும். கடலுக்குப் போகிறவர் கரையேறி ஓய்ந்த பிறகு வாசிக்கட்டும். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மூச்சு விடுகிற பத்து நிமிடம் ஒரு தாய்க்குக் கிடைக்குமானால், அதுதான் அவருக்குச் சரியான நேரம். எந்த நேரமானாலும் தினமும் அதே நேரமாக இருப்பது நல்லது.

பகுதியை இரண்டு தடவை வாசியுங்கள். இரண்டாவது தடவை வாய்விட்டு. அப்புறம் இது எங்கே நடக்கிறது, யார் யார் இருக்கிறார்கள், யார் பேசாமல் நிற்கிறார்கள், இயேசு என்ன செய்கிறார், என் மனம் எந்த இடத்தில் சிக்குகிறது என்று பாருங்கள். பதிலை இரண்டு வரியில் குறித்துக்கொண்டால் போதும்.

ஓர் உதாரணம் காட்டுகிறேன். மாற்கு 4:35 முதல் 41 வரை, கடலில் புயல் எழும்பும் பகுதி. சாயங்காலம். அக்கரைக்குப் போவோம் என்கிறார் இயேசு. சீடர்கள் அவரைப் படகில் அப்படியே கூட்டிக்கொண்டு போகிறார்கள். வேறு படகுகளும் கூடவே போயின என்று 36ஆம் வசனத்தில் ஒரு சின்னக் குறிப்பு வரும். பிரசங்கங்களில் இதைப் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. ஆனால் முட்டத்திலோ குளச்சலிலோ தூத்தூரிலோ இதை வாசிக்கிற ஒருவருக்கு, அந்தப் படகுகள் என்ன ஆயின என்ற கேள்விதான் முதலில் வரும். 2017 நவம்பர் கடைசியில் ஓக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்காகக் கரையில் காத்து நின்ற ஊர்கள் இவை. பலர் திரும்பி வரவில்லை.

அந்தப் படகில் இயேசு தலையணை வைத்துத் தூங்குகிறார். தண்ணீர் உள்ளே அடித்துப் படகு நிரம்புகிறது. சீடர்கள் எழுப்பிக் கேட்பது பழைய திருப்புதலில் இப்படி இருக்கிறது: ‘போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா’. பக்திமான்கள் பேசுகிற பேச்சாக இது இல்லை. சாகப்போகிற மனிதர்களின் கோபம். மாற்கு அதை மெருகேற்றாமல் அப்படியே எழுதிவைத்திருக்கிறார். இயேசு அந்தக் கேள்வி கேட்டதற்காக அவர்களைத் தண்டிக்கவில்லை. முதலில் எழுந்து காற்றை அதட்டி, கடலை அமைதிப்படுத்துகிறார். அதற்குப் பிறகுதான், ஏன் இப்படிப் பயந்தீர்கள் என்று கேட்கிறார். கடைசியிலும் சீடர்களின் பயம் போகவில்லை. காற்றும் கடலும் இவருக்குக் கீழ்ப்படிகிறதே, இவர் யார் என்ற புதுப் பயத்தோடு சம்பவம் முடிகிறது.

கடலில் ஆளைப் பறிகொடுத்த வீட்டில் உட்கார்ந்து இதை வாசித்தால், ‘அன்று அமைதிப்படுத்தியவர் ஏன் எங்களுக்கு எழுந்திருக்கவில்லை?’ என்ற கேள்வி வரும். வரத்தான் வேண்டும். அவசரப்பட்டு யாரும் அதற்குப் பதில் சொல்லக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். நோட்டில் அந்தக் கேள்வியை எழுதிவையுங்கள். கைதாகுமுன் கெத்செமனே என்ற இடத்தில் இயேசுவே, வரப்போகும் பாடுகளை நினைத்து, இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும் என்று கேட்டதையும், சிலுவையில் ‘ஏன் என்னைக் கைவிட்டீர்?’ என்று கதறியதையும் வாசிக்கும்போது மறுபடி அந்தக் கேள்விக்கு வாருங்கள்.

புரியாத இடங்கள் நிறைய வரும். பன்றிக்கூட்டம் கடலில் பாய்வது, அத்திமரத்தைச் சபிப்பது, உதவி கேட்டு வந்த அயல்நாட்டுப் பெண்ணிடம் இயேசு முதலில் கடுமையாகப் பேசுவது எல்லாம் அனுபவப்பட்ட வாசகர்களையும் திணறவைப்பவை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் இவற்றுக்கு ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண்ணின் கதையில் மட்டும் ஒன்றைப் பாருங்கள்: அவள் எதிர்த்துப் பதில் சொல்கிறாள், அந்தப் பதிலுக்காகவே கேட்டதைப் பெறுகிறாள்.

ஜெபம்

வாசிப்பு ஓரளவு பழகிய பிறகு, வாசித்து முடித்ததும் ஐந்து நிமிடம் ஜெபித்துப் பாருங்கள். நம்பிக்கை வந்த பிறகுதான் ஜெபிக்கவேண்டும் என்று இல்லை. மாற்கு 9ஆம் அதிகாரத்தில், நோயுற்ற மகனைக் கொண்டுவந்த ஒரு தகப்பன் கண்ணீரோடு சொல்கிற ஜெபம் இருக்கிறது: ‘விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்.’ பாதி நம்பிக்கையோடு வந்தவரின் அந்த வேண்டுதலை இயேசு ஏற்றுக்கொண்டார், பையனைக் குணமாக்கினார். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதைவிட நேர்மையான ஜெபம் எனக்குத் தெரியவில்லை. இது உங்களுக்குப் பொருந்தினால் இதையே சொல்லுங்கள். இதுகூடப் பொருந்தாவிட்டால், ‘நீர் இருக்கிறீரா என்று எனக்குத் தெரியவில்லை, இருந்தால் காட்டும்’ என்று சொன்னாலும் ஜெபம்தான்.

ஜெபம் என்றாலே சத்தம் என்று நம் ஊரில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கூட்டமாகச் சேர்ந்து உரக்க ஜெபிப்பது சிலருக்கு உள்ளத்திலிருந்து வரும். அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் தொடங்குகிறவர்களுக்கு மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் முறையே போதும். அறைக்குள் போய், கதவைப் பூட்டி, அந்தரங்கத்தில் இருக்கிற பிதாவை நோக்கி ஜெபிக்கச் சொல்கிறார். வார்த்தைகளை அலப்பவேண்டாம் என்கிறார். தனி அறை இல்லாத வீடுகள் எத்தனையோ இருக்கின்றன. மொட்டை மாடி, தோட்டத்து வரப்பு, பகலில் திறந்திருக்கும் கோயிலின் கடைசி பெஞ்சு, எல்லாம் சரிதான். மாற்கு 1:35இல் இயேசுவே இருட்டோடு எழுந்து வனாந்தரமான ஓரிடத்துக்குப் போய்த்தான் ஜெபித்தார்.

சபைத் தமிழ் தெரியாதே என்று தயங்கவேண்டாம். வீட்டில் அம்மாவிடம் எப்படிப் பேசுவீர்களோ அதே பேச்சில் பேசலாம். முதலில் ஒரு நிமிடம் சும்மா இருங்கள். அப்புறம் வாசித்த பகுதியில் மனம் சிக்கிய இடத்தைப் பற்றியே பேசுங்கள். நன்றி சொல்ல ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். வருத்தமோ குற்ற உணர்வோ இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பிறகு உங்களைத் தவிர இன்னொருவருக்காக ஏதாவது கேளுங்கள், இதை விட்டுவிடாதீர்கள். முடிவில் கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சொல்லலாம். மத்தேயு 6:9 முதல் இருக்கிறது, லூக்கா 11இல் சுருக்கமாக இருக்கிறது. அன்றாட அப்பம், கடன், மன்னிப்பு என்று வாழ்க்கைக்குத் தேவையானதை எல்லாம் அது தொட்டுவிடுகிறது. ‘எங்கள் பிதாவே’ என்று தொடங்குவதையும் கவனியுங்கள். தனியாக இருக்கும்போதும் மற்றவர்களைச் சேர்த்துக்கொண்டுதான் அதைச் சொல்ல முடியும்.

சில நாள் ஒன்றுமே தோன்றாது. அப்போது பழைய ஏற்பாட்டிலிருந்து ஒரு சங்கீதத்தை (திருவிவிலியத்தில் திருப்பாடல்) வாய்விட்டு வாசித்து நிறுத்திக்கொள்ளுங்கள். 13ஆம் சங்கீதம் ஆறே வசனம். எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று கேட்டுத்தான் தொடங்குகிறது.

உபவாசம்

இதில் அவசரம் கூடாது. மாற்குவை ஒருமுறை மெதுவாக முடித்த பிறகு, விருப்பமிருந்தால் முயலுங்கள். விருப்பமில்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

தொடங்குமுன் மூன்று பகுதிகளை வாசிக்கவேண்டும். மாற்கு 2:18 முதல் 20 வரை ஒன்று. உம்முடைய சீடர் ஏன் உபவாசிப்பதில்லை என்று கேட்டதற்கு, மணமகன் கூட இருக்கும்போது யார் உபவாசிப்பார்கள் என்று இயேசு திருப்பிக் கேட்கிறார். அவர் எடுபடும் நாட்களில் உபவாசிப்பார்கள் என்றும் சொல்கிறார். அடுத்து மத்தேயு 6:16 முதல் 18. தலைக்கு எண்ணெய் தேய்த்து முகம் கழுவி, உபவாசம் இருப்பது வெளியே தெரியாமல் இருக்கச் சொல்கிறார். கடைசியாக, பழைய ஏற்பாட்டில் ஏசாயா 58. பசித்தவனுக்கு உன் ஆகாரத்தைப் பகிர்ந்துகொடுப்பதே நான் விரும்பும் உபவாசம் என்று கடவுள் சொல்வதாக வரும் அதிகாரம் அது. பட்டினி கிடந்துகொண்டே வேலையாட்களை ஒடுக்குகிறவர்களை அங்கே கடுமையாகச் சாடுகிறார்.

யார் உபவாசம் இருக்கக்கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் ஒரு வேளைகூட விடக்கூடாது. கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார், பிள்ளைகள், வயிற்றுப்புண் உள்ளவர்கள், சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்கவேண்டிய மருந்து உள்ளவர்கள், உணவைப் பற்றிய பயமோ வெறுப்போ இருந்து அவதிப்பட்டவர்கள் வேண்டாம். கடலுக்குப் போகிற நாளிலும், மரம் ஏறுகிற நாளிலும், வெகுதூரம் வண்டி ஓட்டவேண்டிய நாளிலும் வேண்டாம். கத்தோலிக்கத் திருச்சபையே கடமையான நோன்பைச் சாம்பல் புதன், பெரிய வெள்ளி என்ற இரண்டு நாளுக்குத்தான் விதித்திருக்கிறது. அதுவும் 18 வயதிலிருந்து 59 வயது வரை உள்ளவர்களுக்கு, நோயாளிகள் நீங்கலாக. அந்த நாட்களிலும் ஒரு முழுச் சாப்பாடு உண்டு. உடம்பைக் கெடுத்துக்கொள்வது எந்தச் சபையின் போதனையும் இல்லை. இயேசு வனாந்தரத்தில் 40 நாள் இருந்ததைத் தொடக்கக்காரர்கள் பின்பற்ற முயலவேண்டாம்.

சரி, உடம்புக்குத் தடையில்லை என்றால் ஒரே ஒரு வேளையை விட்டுப் பாருங்கள். வெள்ளிக்கிழமை காலைப் பலகாரம் என்று வைத்துக்கொள்வோம். பழைய காலத்திலிருந்தே வெள்ளிக்கிழமை கிறிஸ்தவர்களுக்கு உபவாச நாள். முந்தின நாள் இரவு வழக்கம்போலச் சாப்பிடுங்கள். நாளைக்குச் சேர்த்து இன்றே நிரப்பவேண்டாம். காலையில் தண்ணீர் தாராளமாகக் குடியுங்கள். தினமும் சாயா குடித்துப் பழகியவர்கள் அதை நிறுத்தினால் தலைவலி வரும், அதனால் பால் சேர்க்காத ஒரு கட்டஞ்சாயா குடிப்பதில் குற்றமில்லை. சாப்பிடுகிற அந்த அரை மணி நேரத்தை வாசிப்புக்கும் ஜெபத்துக்கும் கொடுங்கள். அந்த நேரத்தைக் கைபேசி தின்றுவிட்டால் அது வெறும் பட்டினி.

சமைக்கிறவரிடம் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். அந்தரங்கமாக உபவாசம் இருக்கிறேன் என்று சொல்லாமல் இருந்துவிட்டு, காலையில் மனைவியோ அம்மாவோ சுட்டுவைத்த தோசையைத் திருப்பி அனுப்புவது அன்பில்லாத காரியம். வீட்டாருக்குத் தெரியட்டும், ஊருக்குத் தெரியவேண்டாம். யாராவது விருந்தாளி வந்து சாப்பிடக் கூப்பிட்டால் கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள், உபவாசத்தை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

பசி வரும்போது எரிச்சலும் வரும். பஸ்ஸில் சில்லறைக்காகக் கண்டக்டரிடம் சீறத் தோன்றும், பிள்ளையை அதட்டத் தோன்றும். உபவாசத்தின் பயன்களில் இதுவும் ஒன்று. வயிறு நிறைந்திருக்கும்போது தெரியாமல் இருந்த குணம் வெளியே வருகிறது, அதை அப்படியே ஜெபத்தில் சொல்லலாம். லூக்கா 18இல் வாரம் இரண்டு முறை உபவாசிக்கிறேன் என்று ஜெபத்திலேயே கணக்குச் சொன்ன பரிசேயனையும், தூரத்தில் நின்று மார்பில் அடித்துக்கொண்ட, வரி வசூலிக்கிற ஆயக்காரனையும் அன்றைக்கு வாசித்தால் நன்றாகப் பதியும்.

மத்தியானம் சாதாரணமாகச் சாப்பிடுங்கள். அடுத்தடுத்த வாரங்களில் இரண்டு வேளை விடுகிறவர்கள் கஞ்சியும் பயறும் தேங்காய்த் துவையலும் போல எளிதாகச் செரிக்கும் உணவில் முடிக்கவேண்டும். நேராகப் பொரோட்டாவுக்கும் இறைச்சிக்கும் போனால் வயிறு தாங்காது. தலைசுற்றல், படபடப்பு, கை நடுக்கம் எது வந்தாலும் உடனே சாப்பிட்டுவிடுங்கள். அதில் எந்தத் தோல்வியும் இல்லை. விட்ட வேளைக்கு ஆகியிருக்கும் பணத்தைத் தனியாக எடுத்துவைத்து, மாதக் கடைசியில் தேவையுள்ள ஒருவருக்குக் கொடுங்கள். ஏசாயா 58 சொல்வது அதைத்தான்.

ஒரு காரியத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். வளைகுடா விசா கிடைக்க, பரீட்சை தேற, மகளுக்கு வரன் அமைய என்று உபவாசத்தைக் கடவுளிடம் வைக்கிற பேரமாக ஆக்காதீர்கள். இவற்றுக்காக ஜெபிக்கலாம், மனம் உருகிக் கேட்கலாம். ஆனால் நான் இத்தனை நாள் பட்டினி கிடந்தேன், நீர் செய்தே ஆகவேண்டும் என்பது நற்செய்திகளில் எங்குமே இல்லாத பேச்சு.

மற்ற மூன்று நற்செய்திகளும் நம் ஊர் மண்ணும்

மாற்குவுக்கு அடுத்து லூக்காவை எடுங்கள், 24 அதிகாரம். காணாமற்போன ஆடு, காசு, மகன் என்ற மூன்று உவமைகளும் அதன் 15ஆம் அதிகாரத்தில் இருக்கின்றன. பிறகு மத்தேயு, 28 அதிகாரம். கடைசியில் யோவான், 21 அதிகாரம். மொத்தம் 89. தினம் ஒரு அதிகாரம் என்று போனாலும் மூன்று மாதத்தில் முடியும். மெதுவாகப் போனால் ஒரு வருடமும் ஆகலாம், அதுவே எனக்குப் பிடித்த வேகம்.

ஒரே சம்பவம் ஒவ்வொன்றிலும் சற்று மாறி வரும். எரிகோவில் மாற்கு ஒரு குருடனைச் சொல்கிறார், பெயர் பர்திமேயு. மத்தேயு இரண்டு பேர் என்கிறார். ஆலயத்திலிருந்து வியாபாரிகளை விரட்டியது மாற்குவில் கடைசி வாரத்தில் வருகிறது, யோவானில் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. இரண்டையும் அருகருகே வைத்து வாசியுங்கள். ஒவ்வொருவரும் எதை முன்னால் வைக்கிறார், ஏன் என்று பார்க்கும்போதுதான் வாசிப்பு ஆழமாகிறது.

குமரி மாவட்டத்தில் பிறந்தவர்கள் யோவான் 4ஐ நிறுத்தி வாசிக்கவேண்டும். உச்சிவெயிலில் யூதரான இயேசு ஒரு கிணற்றடியில், யூதர்கள் ஒதுக்கிவைத்திருந்த சமாரிய இனத்துப் பெண்ணிடம் குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். நீர் யூதர், என்னிடம் தண்ணீர் கேட்கலாமா என்று அவளே திகைத்துக் கேட்கிறாள். யார் எந்தக் கிணற்றில் மொள்ளலாம், யார் எவ்வளவு தூரத்தில் நிற்கவேண்டும், எந்தப் பெண் மார்பை மூடலாம் என்றெல்லாம் விதி வைத்திருந்த மண் இது. மார்பை மறைக்கும் உரிமைக்காக இங்கே தோள்சீலைப் போராட்டம் நடந்து, 1859இல்தான் திருவிதாங்கூர் அரசு நாடார் பெண்களுக்கு மேல்துணி அணிய அனுமதித்துப் பிரகடனம் வெளியிட்டது. அந்தப் போராட்டத்தில் நற்செய்தியை வாசிக்கக் கற்றுக்கொண்ட பெண்களுக்கும் பங்கு உண்டு. அந்த வரலாறு தெரிந்த வீட்டில் யோவான் 4உம், லூக்கா 10இல் வரும் நல்ல சமாரியனும் வெறும் அறிவுரைக் கதைகளாகப் போய்விட முடியாது. சாதி பார்த்துப் பெண் எடுக்கும் நம் கிறிஸ்தவ வீடுகளையும் அவை சேர்த்துத்தான் கேள்வி கேட்கின்றன.

யாரோடு வாசிப்பது

முதல் மாதம் தனியாக வாசியுங்கள். அப்புறம் ஒருவரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். 18ஆம் நூற்றாண்டில் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டபிள்ளை, மனம் நொந்திருந்த காலத்தில் டச்சுத் தளபதி டி லனாயிடம் பேசப்போய், பழைய ஏற்பாட்டில் துன்பங்களைத் தாங்கிய யோபுவின் கதையைக் கேட்டார் என்பது இங்கே பலருக்கும் தெரிந்த வரலாறு. 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார், 2022இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அத்தனையும் தொடங்கியது ஒரு நண்பரோடு நடந்த உரையாடலில். உங்களுக்கும் அப்படி ஒரு நண்பர் இருந்தால் வாரம் ஒருமுறை கூடி, ஒரே பகுதியை வாசித்துப் பேசுங்கள். மற்றவரைத் திருத்தாமல் கேட்கத் தெரிந்தவராக அவர் இருக்கவேண்டும், அது போதும்.

ஆராதனைக்கும் ஒருமுறை போய்ப் பாருங்கள். கோட்டாறு சவேரியார் பேராலயம், நாகர்கோவில் ஹோம் சர்ச், மயிலாடியில் மிஷனரி ரிங்கல்தௌபே காலத்துச் சபை, தெருமுனையில் இருக்கும் சிறிய பெந்தெகொஸ்தே சபை என்று நம் மாவட்டத்தில் எல்லா வகையும் உண்டு. பின்னால் உட்காருங்கள். மற்றவர்கள் செருப்பை வெளியே விட்டால் நீங்களும் விடுங்கள். காணிக்கைத் தட்டு வரும்போது போட்டே ஆகவேண்டும் என்று இல்லை. கத்தோலிக்க ஆராதனையான திருப்பலியில் நற்கருணை அப்பம் வாங்க எல்லாரும் வரிசையில் போகும்போது நீங்கள் இருக்கையிலேயே இருந்தால் போதும், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். சி.எஸ்.ஐ. சபைகளிலும் அப்பமும் ரசமும் கொடுக்கும் திருவிருந்து, பொதுவாகத் திடப்படுத்தல் (விசுவாசத்தைச் சபைமுன் உறுதிசெய்யும் சடங்கு) பெற்றவர்களுக்கு. முடிந்த பிறகு ஃபாதரிடமோ போதகர் ஐயாவிடமோ உங்கள் நோட்டின் கடைசிப் பக்கக் கேள்விகளை எடுத்துக்கொண்டு போங்கள். நல்லவர்கள் அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள்.

ஜெபிக்கப் பணம் கேட்கிறவர், மருந்தை நிறுத்தச் சொல்கிறவர், கேள்வி கேட்பதே பாவம் என்கிறவர், வீட்டாரோடு உறவை அறுத்துக்கொண்டு வா என்று அவசரப்படுத்துகிறவர், மற்ற மதத்தாரின் சாமியைத் திட்டுகிறவர், இவர்களிடமிருந்து விலகியே இருங்கள். வேறு மத வீட்டில் இருந்துகொண்டு வாசிக்கிறவர்கள் முடிந்தவரை ஒளிக்காமல் வாசியுங்கள். என்ன வாசிக்கிறேன், ஏன் வாசிக்கிறேன் என்று அப்பா அம்மாவிடம் நிதானமாகச் சொல்லிவிட்டால் பாதிச் சிக்கல் வராது. கோயில் திருவிழாவுக்கு வீட்டில் செய்யவேண்டிய உதவிகளை வழக்கம்போலச் செய்யுங்கள். பெற்றோரை மதிப்பதைப் பற்றி மாற்கு 7இல் இயேசு கண்டிப்பாகப் பேசியிருக்கிறார்.

யோவான் முடிந்ததும் புத்தகத்தில் அடுத்து வருவது அப்போஸ்தலருடைய நடபடிகள், திருவிவிலியத்தில் திருத்தூதர் பணிகள். லூக்கா எழுதிய இரண்டாவது பகுதி அது. தம் நற்செய்தியைப் போலவே தேயோப்பிலு என்பவருக்கு எழுதுகிறார். 28 அதிகாரம், கப்பல் பயணம், சிறை, கலவரம் எல்லாம் உண்டு, தடுக்காமல் ஓடும். பவுலின் கடிதங்களுக்கு அதற்குப் பிறகு போகலாம். ரோமரில் தொடங்கவேண்டாம், கனமாக இருக்கும். பிலிப்பியர் நான்கே அதிகாரம், சிறையிலிருந்து எழுதியது. அதில் தொடங்குங்கள்.